டேங்க் காலியாகும் வரை நேற்று

அன்று காலை ஐஸ் ஃபாக்டரியில் இருந்தவர்கள்:

டேங்க் மேல் கொக்கி அண்ணன்.

சறுக்குப் பலகைக்குக் கீழே லோடுமேன். ஒரு காது கேட்காது.

வாசலில் மீன் வண்டி. அதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் டிரைவர்.

கம்ப்ரஸர் அறையில் நான்.

ஆறு மணிக்குமேல், கக்கத்தில் தோல் பையோடு வந்த வரி ஆபீஸ்காரர்.

இல்லாதவள் அக்கா. ஃபாக்டரிக்குச் சொந்தக்காரி. காய்ச்சலோடு மாடியில் படுத்திருந்தாள். அவளுடைய மகள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐஸ் வேலையைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். தரைக்குள் பெரிய தொட்டி. அதைத்தான் டேங்க் என்போம். அதில் உப்புத் தண்ணீர். அதை எவ்வளவு குளிரவைத்தாலும் உறையாது. அதற்குள் வரிசையாகத் தகர டப்பாக்கள் தொங்கும். டப்பாவுக்குள் நல்ல தண்ணீர். மேலே மரப்பலகை மூடியிருக்கும். அந்தப் பலகை மேல்தான் நடப்பது, நிற்பது, டீ குடிப்பது, சண்டை போடுவது எல்லாம். காலையில் ஊற்றுகிற தண்ணீர் மறுநாள் விடிவதற்கு முன் கட்டியாகும். செயினில் மாட்டித் தூக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதைக் குத்தி இழுக்கிற கொக்கி பதினெட்டு வயதிலிருந்து அக்காவின் தம்பி கையில் இருந்தது. அதனால் அந்தப் பெயர். இப்போது அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "இந்தக் குளிர்ந்த கையைப் புடிச்சிக்கிட்டு எவ வருவா?" என்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தண்ணீர் ஊற்றிய நாள்தான் அந்த ஐஸின் நாள். திங்கட்கிழமை ஊற்றியது செவ்வாய்க் காலை வண்டியில் ஏறினாலும் சீட்டில் திங்கட்கிழமைத் தேதிதான் விழும். தண்ணீரில் நாற்றம் என்றோ, கரண்டு போய்க் கட்டி நடுவில் பொத்தல் என்றோ எவனாவது சண்டைக்கு வந்தால் எந்த நாள் சரக்கு என்று கண்டுபிடிக்க வேண்டுமில்லையா, அதற்காக. கடைசி டப்பா காலியாகி, புதுத் தண்ணீர் விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தேதி மாறும். வெளியே உலகம் அடுத்த நாளுக்குப் போய்ப் பல் விளக்கிக்கொண்டிருக்கும். நாங்கள் நேற்றில் நின்று கட்டி இழுத்துக்கொண்டிருப்போம்.

வரி ஆபீஸ்காரர் பலகை ஓரமாக வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது. சட்டை கசங்கியிருந்தது.

"முதலாளி இருக்காரா?"

"முதலாளி செத்து மூணு வருஷமாச்சு," என்றார் கொக்கி அண்ணன். "அக்காதான் பாக்குறாங்க. மேல காய்ச்சலா படுத்திருக்காங்க. என்ன விஷயம்?"

"வரி ஆபீஸ். ஒரு கவர் இருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்."

"எழுப்பட்டுமா?"

"காய்ச்சல்காரங்களை எதுக்கு எழுப்பிக்கிட்டு? நீங்க யாரு?"

"தம்பி."

"கூடப்பொறந்தவரா?"

"ஆமா. கூடப்பொறந்து கூடவே கிடக்கேன்."

"அப்புறம் என்ன, நீங்களே போடுங்க. தேதியும் போட்டுடுங்க."

கொக்கி அண்ணன் கையை லுங்கியில் துடைத்தார். டேங்கில் இன்னும் இரண்டு வரிசை பாக்கி. ஐஸ் சீட்டு எழுதுகிற அதே வேகத்தில் கையெழுத்துப் போட்டுப் பக்கத்தில் முப்பத்தொன்று என்று தேதி எழுதினார். அன்றைக்கு ஒன்றாம் தேதி.

ஆபீஸ்காரர் அந்தத் தாளைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"ராத்திரி பூரா தூங்கலை போல சார்?" என்று கேட்டு, உடைந்த கட்டியிலிருந்து ஒரு துண்டைக் கழுவிக் கொடுத்தார் கொக்கி அண்ணன். "கண்ணுல ஒத்திக்குங்க. எரிச்சல் போயிடும்."

அந்த ஆள் அதையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார்.

கவருக்குள் இருந்தது இதுதான். ஃபாக்டரிக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை இருந்தது. பல வருஷம் முன்னால் பழைய கம்ப்ரஸர் வெடித்துத் தொழில் நின்றபோது, அக்கா புருஷன் அந்த மனையை விற்றுப் புதுக் கம்ப்ரஸர் வாங்கினார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று அப்போதே வரி ஆபீஸில் கேட்டார்கள். அவர் பத்திரம், பாங்க் புத்தகம், கம்ப்ரஸர் பில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் நாள் கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போதிருந்த அதிகாரி ஒவ்வொரு தாளாகப் பார்த்து, சரி என்று எழுதிக் கணக்கை முடித்தார். முடிந்தது என்றுதான் அந்த மனுஷன் செத்தார். இப்போது புதிதாக வந்த ஓர் அதிகாரி, அந்தப் பழைய தாள்களையே எடுத்துவைத்துக்கொண்டு, பழைய அதிகாரி பார்த்தது பத்தாது, மறுபடி திறக்கிறேன் என்கிறார். அவர் போட்டிருந்த வரியையும் வட்டியையும் அபராதத்தையும் கட்ட வேண்டுமானால் டேங்க், கம்ப்ரஸர், மாடி வீடு மூன்றையும் விற்றாக வேண்டும்.

ஆடிட்டர் வந்து கவரைப் பார்த்தார். விரல் விட்டு வருஷத்தை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். பிறகு சிரித்தார்.

"இது செத்த நோட்டீஸ் மேடம்."

"என்ன சார் சொல்றீங்க?" என்றாள் அக்கா. காய்ச்சல் விட்ட உடம்பு, சுவரில் சாய்ந்திருந்தாள்.

"முடிச்ச கணக்கை அவங்க இஷ்டத்துக்கு எப்ப வேணா தோண்ட முடியாது. அதுக்குச் சட்டத்துல ஒரு கெடு இருக்கு. இந்த வருஷக் கணக்குக்குக் கெடு முப்பத்தொண்ணாம் தேதியோட முடிஞ்சுது. அன்னிக்கு ராத்திரிக்குள்ள உங்க கைக்கு நோட்டீஸ் வந்திருக்கணும். உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

"ஒண்ணாம் தேதி காலையில."

"அவ்வளவுதான். கதை முடிஞ்சுது. அவங்க தூங்கிட்டாங்க. கடைசி நாள் மூட்டை மூட்டையா நோட்டீஸ் அடிச்சிருப்பாங்க. உங்களோடது நேரத்துக்கு வந்து சேரலை."

அக்கா அழுதாள். புருஷன் செத்தபோது நான் அங்கே இல்லை, அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மகள் கடைக்கு ஓடிப் போய் எல்லோருக்கும் பன்னும் முட்டையும் வாங்கி வந்தாள். டேங்க் பலகை மேல் உட்கார்ந்து தின்றோம். வெயில் தகரக் கூரையைப் பிளந்தது. காலுக்குக் கீழே குளிர். கொக்கி அண்ணன் வாய் நிறைய பன்னோடு சொன்னார்: "கெடுன்னா கெடு. ஐஸை நேரத்துக்கு எடுக்கலைன்னா கரைஞ்சு போற மாதிரி."

ஒருத்தருக்கும் அந்தத் தாளில் அவர் போட்ட தேதி ஞாபகம் வரவில்லை. அவருக்கே வரவில்லை. அவரைப் பொறுத்தவரை அவர் எதையும் தப்பாக எழுதியிருக்கவில்லையே.

விசாரணைக்கு அக்காவும் ஆடிட்டரும் கொக்கி அண்ணனும் போனார்கள். காலையில்தான் கவர் வந்தது என்று சொல்ல என்னையும் கூட்டிப்போனார்கள். அதிகாரி சின்ன வயசு. மரியாதையாக உட்காரச் சொன்னார். ஆடிட்டர் கெடுவைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அவர் முடித்ததும் கையெழுத்துப் போட்ட தாளை மேஜைமேல் திருப்பி வைத்தார்.

"இது யார் கை?"

ஆடிட்டர் குனிந்து பார்த்தார். கழுத்தில் வேர்த்தது.

"என் கைதான் சார்," என்றார் கொக்கி அண்ணன்.

"என்ன தேதி போட்டிருக்கு?"

"முப்பத்தொண்ணு. ஆனா சார், அது எங்க தேதி. டேங்க் இன்னும் காலியாகலை. டேங்க் காலியாகாம நாங்க தேதி மாத்த மாட்டோம்."

"புரியலையே."

கொக்கி அண்ணன் உற்சாகமாகிவிட்டார். தண்ணீர் ஊற்றுவது, கட்டியாவது, சீட்டு எழுதுவது எல்லாவற்றையும் கையை ஆட்டிச் சொன்னார். யாரும் அவரிடம் அவருடைய வேலையைப் பற்றி அத்தனை பொறுமையாகக் கேட்டதில்லை. அதிகாரி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

"அப்ப எப்பவுமே ஒரு நாள் பின்னாடிதான் எழுதுவீங்க?"

"எப்பவுமே சார். யாரை வேணா கேளுங்க."

"வருஷக் கடைசியிலயும்? புது வருஷத்துக் காலையில வித்ததைப் பழைய வருஷத்துலதான் எழுதுவீங்க?"

"ஆமா சார். டேங்க்குக்கு வருஷமெல்லாம் தெரியாதுல்ல."

அதிகாரி ஆடிட்டர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா சார்? இதை அப்படியே பதிவு பண்ணிக்கட்டுமா? ஒரு வருஷத்து வியாபாரத்தை இன்னொரு வருஷத்துல எழுதுறாங்க. பின்னாடி வந்த வருஷங்களைத் திறக்க இன்னும் கெடு இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கலாம்."

ஆடிட்டர் மேஜைக்குக் கீழே கொக்கி அண்ணன் காலை மிதித்தார். அவர் "ஏன் சார் மிதிக்கிறீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டார்.

"சார், கவர் வந்தது ஒண்ணாம் தேதி காலையிலதான். நானும் பார்த்தேன்," என்றேன்.

"நீங்க?"

"கம்ப்ரஸர் ஆபரேட்டர்."

"சம்பளத்துக்கு இருக்கீங்க. முதலாளிக்குச் சாதகமாத்தானே சொல்வீங்க?" குரலில் கோபமில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கவர் கொண்டுவந்த ஆள் அந்த அறையிலேயே மூலை மேஜையில் உட்கார்ந்து ஏதோ ஃபைல் தாள்களைத் தைத்துக்கொண்டிருந்தார். கொக்கி அண்ணன் அவரைப் பார்த்து, "சார், நீங்களே சொல்லுங்களேன், காலையிலதானே வந்தீங்க? ஐஸ்கூட குடுத்தேனே" என்றார். அந்த ஆள் தலையை நிமிர்த்தவே இல்லை. ஊசியை இன்னொரு துளையில் விட்டார்.

ஆட்டோவில் திரும்பி வந்து ஃபாக்டரி வாசலில் இறங்கியதும் அக்கா ஆரம்பித்தாள்.

"ஏன்டா, உனக்கு என்ன கேடு? உலகத்துல எல்லாருக்கும் ஒண்ணாம் தேதின்னா உனக்கு மட்டும் என்னடா முப்பத்தொண்ணு?"

"அக்கா, எப்பவும் எழுதுறதைத்தான் எழுதினேன்."

"எப்பவும் எழுதுறது ஐஸ் சீட்டு. இது என் தலையெழுத்துடா! என்னை எழுப்பியிருக்கலாம்ல? மாடி என்ன மலையா?"

"காய்ச்சல்ல கிடந்த."

"செத்தா கிடந்தேன்?"

"அம்மா, விடு," என்றாள் மகள். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். "மாமா வேணும்னா செஞ்சாரு? அந்த ஆளு பார்த்துட்டே இருந்தானாம், தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னானா?"

"அவன் ஏன் சொல்றான்? பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு அவனுக்கு. இவன்ல பார்த்து எழுதணும்? இருபத்தஞ்சு வருஷமா ஐஸ்ல நின்னு மூளையும் ஐஸாப் போச்சு!"

கொக்கி அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டேங்க் மேல் ஏறினார். அன்றைக்கு அவர் கட்டியைக் குத்திய குத்தில் இரண்டு கட்டி உடைந்தது. லோடுமேன் கேட்கிற காதை இவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காதவர் மாதிரி துண்டுகளைப் பொறுக்கினார்.

அப்பீல் போகலாம். வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரைக்கும் கேட்ட தொகையில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும், பாங்க் கணக்கை முடக்குவார்கள். ஐஸ் தொழிலில் கரண்டு பில் கட்டாமல் ஒரு மாதம் தள்ள முடியாது. வெயில் காலம்தான் மொத்த வருஷத்துக்கும் சோறு. இதெல்லாம் ஆடிட்டர் சொன்னார். சொல்லிவிட்டுப் போனவர் நாலு நாள் கழித்து ஒரு யோசனையோடு வந்தார். டேங்க் அறைக்குப் பக்கத்தில் அக்கா கணக்குப் பார்க்கும் சின்ன அறையில் உட்கார்ந்தார்கள். கதவு கிடையாது. பெல்ட் மாற்றிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"மேடம், தேதியைப் பத்தி இனிமே நாம வாயே திறக்க வேண்டாம். அது புதைகுழி. வேற வழி இருக்கு. நோட்டீஸை யார்கிட்ட குடுத்தா செல்லும்? உங்ககிட்ட. இல்லைன்னா உங்க அதிகாரம் வாங்கின ஆள்கிட்ட, உங்க வேலைக்காரர்கிட்ட, உங்க வீட்டுல கூட இருக்கிற குடும்பத்து ஆள்கிட்ட. வேற யார்கிட்ட குடுத்தாலும் செல்லாது. குடுக்கவே இல்லைன்னு அர்த்தம். கெடு தாண்டிடும்."

"தம்பிகிட்டதானே குடுத்தாங்க?"

"தம்பிதான். ஆனா இவர் இங்க வேலை பாக்குறாருன்னு எங்க இருக்கு? சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஆபரேட்டர் இருக்காரு, லோடுமேன் இருக்காரு. இவர் பேரு எங்கயுமே இல்ல. அன்னிக்கு விசாரணையில இவர் பேசினதையும் அதிகாரி எழுத்துல பதிவு பண்ணலை. நல்லவேளை, நீங்க இவருக்கு ஒரு நாள்கூட சம்பளமே குடுக்கலை."

சம்பளம் பற்றி யாராவது கேலியாகக் கேட்டால் கொக்கி அண்ணன், "சம்பளம் வாங்க நான் என்ன வேத்து ஆளா?" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வார். சட்டை, லுங்கி, பீடி, மூன்று வேளைச் சோறு. மற்றபடி கைச்செலவுக்கு அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்.

"அப்ப என்ன பண்ணணும்?" அக்காவின் குரல் அடங்கியிருந்தது.

"ஒரு பிரமாணப் பத்திரம் எழுதித் தாங்க. இவர் என்கிட்ட வேலை பாக்கலை, என் வீட்டுல இல்லை, தனியா எங்கயோ இருக்காரு, ரொம்ப நாளா தொடர்பில்லை, என் சார்பா எதையும் வாங்க இவருக்கு அதிகாரம் இல்லைன்னு. விசாரிக்க ஒரு ஆளை அனுப்புவாங்க. அவர் வரும்போது இவர் இங்க இருக்கக் கூடாது. துணிமணிகூட இருக்கக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும். அப்புறமும் கொஞ்ச காலம். மேல அப்பீல் போனாங்கன்னா அது முடியுற வரைக்கும்."

மகளின் குரல் கீச்சென்று வந்தது. "அது பொய் சார்!"

"இல்லம்மா, சம்பளம் குடுக்கலைங்கறது உண்மை. அதிகாரம் குடுக்கலைங்கறது உண்மை. ஒண்ணு ரெண்டு மட்டும்தான் கொஞ்சம்..."

"எந்த ஒண்ணு ரெண்டு? கூட இல்லைங்கறதும் தொடர்பில்லைங்கறதுமா? அவர் என்னைத் தூக்கி வளர்த்தவரு சார்!"

அப்போதுதான் கொக்கி அண்ணன் உள்ளே போனார். பலகை மேல் நின்று அவரும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கால் சொதசொதவென்று ஈரம்.

"அக்கா, நான் யாருன்னு எழுதப்போற?"

"டேய், வாய் வார்த்தைக்குத்தானேடா."

"வாய் வார்த்தைன்னா வாயால சொல்லு. காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போடுறது எப்படி வாய் வார்த்தையாகும்? நான் ஒரு தேதியை மாத்தி எழுதிட்டேன்னு என்னை நாலு நாளா நாயா விரட்டுறே. நீ என்னையே இல்லைன்னு எழுதப்போறே. அது சும்மாவா?"

"பின்ன என்னடா பண்ணச் சொல்றே? எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டு ரோட்டுல நிக்கச் சொல்றியா? இவ கல்யாணம்? உனக்குத்தான் சோறு எங்க?"

"நான் சோறு கேட்டனா?"

"கேக்காமலா இத்தனை வருஷம் தின்னே?"

அந்தச் சொல் வெளியே வந்ததும் அவளே பயந்துபோனாள். அது தெரிந்தது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. கோபத்தில் இருந்தாள். யார் மேல் கோபம் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. மூலை மேஜையில் தைத்துக்கொண்டிருந்த ஆள் மேல் காட்ட முடியாததைக் கூடப்பிறந்தவன் மேல் காட்டினாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

கொக்கி அண்ணன் சிரித்தார். ஆடிட்டரைப் பார்த்து, "சார், ஒரு சந்தேகம். சம்பளம் குடுத்து ரசீது வச்சிருந்தா நான் இந்த ஃபாக்டரி ஆளு. அக்கான்னு சும்மா உழைச்சதால நான் யாருமே இல்ல. அப்படித்தானே சட்டம்?"

"சட்டம் உங்களைச் சொல்லலைங்க," என்றார் ஆடிட்டர். "காகிதத்துல என்ன இருக்கோ அதைத்தான் பாக்குது. அதே சட்டம்தான் இப்ப இந்தக் குடும்பத்தைக் காப்பாத்தப் போகுது."

"குடும்பத்தை," என்றார் கொக்கி அண்ணன். "நல்லா இருக்கட்டும்."

பிறகு அக்காவிடம், "எழுதிக்கோ. நான் போறேன்" என்றார்.

மீன் வண்டி டிரைவர், வண்டி நிறுத்துகிற ஷெட்டில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். மகள் இரண்டு நாளைக்கு ஒருமுறை டிபன் கேரியரில் சோறு கொண்டு போனாள். பாத்திரத்தைக் கழுவி அடுக்கித் திருப்பிக் கொடுப்பாராம், ஒரு பருக்கை மீதம் இல்லாமல். "அம்மா செஞ்சதா?" என்று மட்டும் கேட்பாராம். "நான் செஞ்சதுன்னு சொன்னாத்தான் சாப்பிடுறாரு" என்றாள் என்னிடம். செய்தது அக்காதான்.

புதிதாக ஓர் ஆளைப் போட்டோம். நல்ல பலம். ஆனால் கட்டி எப்போது விடும் என்று தெரியாது. முக்கி எடுக்கும் தண்ணீரில் நேரம் பிசகினால் ஒன்று கட்டி கரையும், இல்லை டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சுத்தியால் அடிப்பான். டப்பா நசுங்கும். நசுங்கிய டப்பாவில் உப்புத் தண்ணீர் கசிந்து கட்டி கரிக்கும். ஜூஸ் கடைக்காரர்கள் கட்டியை நக்கிப் பார்த்துவிட்டு வாசலில் போட்டுப் போனார்கள். வெயில் உச்சத்தில் இருந்தது. ரோட்டில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. ஊரெல்லாம் ஐஸுக்கு அலையும்போது எங்கள் வாசலில் ஐஸ் கரைந்து சாக்கடைக்கு ஓடியது.

விசாரணை ஆள் வரவில்லை. வருவார் வருவார் என்று மூன்று வாரம் போனது.

ஒரு நாள் காலை செயின் சக்கரத்திலிருந்து நழுவி, டேங்குக்குள் டப்பாக்களுக்கு நடுவே இறுகிக்கொண்டது. பாதி டேங்க் ஐஸ் இன்னும் உள்ளே. வாசலில் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறது. புது ஆள் கையை விரித்துவிட்டான். நான் டிரைவருக்கு போன் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் கொக்கி அண்ணன் வந்தார். சட்டையோடு பலகை மேல் படுத்து, கையை உள்ளே விட்டுச் செயினை விடுவித்தார். எழுந்து முதல் டப்பாவைத் தூக்கினார், முக்கினார், கவிழ்த்தார். கட்டி வழுக்கிக்கொண்டு பலகையில் ஓடியது. லோடுமேன் "ஹா" என்று சத்தம் போட்டார். வரிசை வரிசையாகக் காலியானது.

அக்கா மாடிப்படியில் வந்து நின்றாள். பார்த்தாள். உள்ளே போய் டீ போட்டு மகளிடம் கொடுத்து அனுப்பினாள். அவர் அதை வாங்கிக் குடித்தார். யார் போட்டது என்று கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

காலி டம்ளரை மகள் வாங்குவதற்குள் விசாரணை ஆள் உள்ளே வந்துவிட்டார்.

கவர் கொண்டுவந்தவர் இல்லை, வேறு ஆள். வயதானவர், கையில் ஒரு ஃபைல். அடையாளம் சொல்லிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார். மாடி ஏறி அறைகளைப் பார்த்தார். கொடியில் கிடந்த துணிகளைப் பார்த்தார். சம்பளப் பட்டியலை வாங்கி எங்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராகப் பேர் கேட்டு டிக் அடித்தார். ஆபரேட்டர், லோடுமேன், புது டேங்க் ஆள். சுவர் ஓரமாக நனைந்த சட்டையோடு ஒருவர் மிச்சம் நின்றார்.

"இவர் யாரு?"

மகள் வாயைத் திறந்தாள். "மா" என்று உதடு கூடியது, அப்படியே நின்றது.

"ஐஸ் வாங்க வந்தவர்," என்றாள் அக்கா.

கொக்கி அண்ணன் அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆமா சார். அரைக் கட்டி வேணும்."

"சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு?"

"ஐஸ் ஃபாக்டரிக்கு வந்தா நனையாம வேர்க்கவா செய்யும்?"

விசாரணை ஆள் சிரித்துவிட்டார். ஆனால் நகரவில்லை. ஃபைலை மூடி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"அரைக் கட்டி என்ன விலைங்க?" என்று கேட்டார் கொக்கி அண்ணன். பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்று பேசியவர்.

அக்கா விலையைச் சொன்னாள்.

"அடுத்த தெருவுல இதைவிடக் கம்மியாத் தர்றாங்களே."

"எங்ககிட்ட ஒரே விலைதான்."

"தெரிஞ்ச ஆளுங்களுக்குக்கூடக் குறைக்க மாட்டீங்களா?"

அவர் இடுப்பு மடிப்பிலிருந்து நனைந்த நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டினார். டிரைவரிடம் கடன் வாங்கியதாகத்தான் இருக்கும். அவள் வாங்கவில்லை. அவர் நீட்டியபடியே நின்றார். விசாரணை ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாங்கினாள்.

"ரசீது குடுங்க."

"அரைக் கட்டிக்கு எதுக்கு ரசீது?"

"குடுத்த காசுக்கு ரசீது வேணுமில்லைங்க? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் மேஜையில் குனிந்து எழுதினாள். "பேரு?" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியாத ஆளுன்னு போட்டுக்குங்க."

அவள் எதையோ எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். லோடுமேன் ஒரு கட்டியை இரண்டாக உடைத்துச் சாக்கில் சுற்றினார். தூக்கிவிடக் கை கொடுத்தார். "வேணாம் பெரியவரே, கூலி குடுக்க என்கிட்ட காசில்லை" என்று சொல்லி அவரே தோளில் ஏற்றிக்கொண்டார். முதுகில் தண்ணீர் வழிந்தது. மகள் அழுதுகொண்டே மாடிக்கு ஓடினாள். நான் என் கையில் இருந்த ஸ்பேனரை யார் மண்டையில் போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

அவர் வாசலைத் தாண்டி இறங்கியதும் விசாரணை ஆள் ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க எழுதிக் குடுத்தது சரியாத்தான் இருக்கு மேடம். அப்படி ஒரு ஆள் இங்க இல்லைன்னு அறிக்கை குடுத்துடுறேன். பயப்படாதீங்க, அந்த நோட்டீஸ் நிக்காது."

"ரொம்ப நன்றி சார்," என்றாள் அக்கா.

"ஒண்ணு சொல்லட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. டேங்கெல்லாம் திறந்து கிடக்கு. வாங்க வர்றவங்களை இப்படி உள்ள வரைக்கும் விடாதீங்க. வெளி ஆளுங்க. கதவைப் பூட்டி வச்சே பழகுங்க."

வாசல் கதவு தகரக் கதவு. அடி உரசும், பலமாகத் தள்ள வேண்டும். அவள் இரண்டு கையாலும் தள்ளினாள். வெளியே வெயிலில் அவர் இன்னும் அதிக தூரம் போயிருக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கவுமில்லை. கதவு சட்டத்தில் போய் இடித்தது. அவள் தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பினாள்.